எடை குறைக்கும் மருந்தும் மருத்துவர் சீட்டும்

கொல்கத்தாவில் வாழும் தமிழர்கள் கூடுமிடங்களிலெல்லாம், அது லேக் மார்க்கெட்டின் வாழையிலைக் கடையாயினும் சரி, அலுவலகத்தின் நண்பகல் உணவு வேளையாயினும் சரி, அண்மைக்காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. வாரத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொண்டால் உடல் இளைக்குமாம், பசி அடங்குமாம், இன்னாருக்குப் பத்துக் கிலோ குறைந்ததாம். இப்பேச்சில் உண்மை உண்டு. ஆயினும் அது பெரும்பாலும், "எங்கே கிடைக்கும்? என்ன விலை?" என்னும் இரு வினாக்களோடு நின்றுவிடுகிறது. எவருக்கு, எவ்வளவு, எவருடைய மேற்பார்வையில், எத்தனை காலம் என்னும் வினாக்கள் எழுவதில்லை. அவற்றுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நாம் மருத்துவர் அல்லோம். மைய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவர். ஆதலின் மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாக எதனையும் கூற முற்படவில்லை. மருத்துவரிடம் செல்வதற்கு முன்னும், சென்று வந்த பின்னும், நம்மைப் போன்ற சாமானியர் அறிந்திருக்க வேண்டியவற்றையே தொகுத்துரைக்கிறோம்.

முதலில் மருந்து இன்னதென்று தெரிந்துகொள்வோம். நாம் உண்ட உணவு குடலை அடையும்போது, குடல் ஒருவகை ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினை விடச் செய்கிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. "போதும்" என்னும் செய்தியை மூளைக்கு அறிவிக்கிறது. இயற்கையான இந்தச் சுரப்பு ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்து, ஆனால் பல நாட்கள் உடலில் தங்குமாறு ஆய்வாளர் அமைத்ததே செமாகுளுடைடு என்னும் மருந்து. அதனோடு இன்னொரு குடற்சுரப்பின் வேலையையும் சேர்த்துச் செய்வது டிர்செபடைடு. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டிர்செபடைடும், ஜூன் மாதத்தில் எடைக் குறைப்புக்கென்றே அமைந்த செமாகுளுடைடு ஊசியும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன.

இவற்றின் ஆற்றலைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. 2021-இல் வெளிவந்த ஆய்வொன்றில், செமாகுளுடைடு பெற்றவர்களின் எடை 68 வாரங்களில் சராசரி நூற்றுக்கு 15 பங்கு குறைந்தது. மருந்தில்லா ஊசி பெற்றவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கே குறைந்தது. 2022-இல் வெளிவந்த டிர்செபடைடு ஆய்வில், உயர்ந்த அளவு பெற்றவர்களுக்கு 72 வாரங்களில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேலும் குறைந்தது. உடற்பருமன் நம்மவரிடையே பெருகியிருப்பதும் மறுக்க முடியாதது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் மிகை எடையுடையோர். நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று, சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் தெரிவித்தது. ஆகவே பயனுள்ள ஒரு மருந்தை வேண்டாமென்று தள்ளுவது அறிவுடைமையன்று. ஆனால் ஆற்றல் மிக்கது எதுவோ அதுவே அளவறிந்து கையாளத்தக்கது.

இவ்வெச்சரிக்கை வீண் அச்சமன்று; வரலாறு தந்த பாடம். 1933-இல் அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்னும் வேதிப்பொருள் எடையைக் குறைப்பதாக அறிவிக்கப்பட்டதும், மக்கள் அதனைச் சீட்டின்றியே வாங்கி உண்டனர். பலருக்குக் கண்ணில் புரை படர்ந்தது. சிலர் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரிழந்தனர். 1938-இல் வந்த சட்டத்தின் பின்னரே அதன் விற்பனை அடங்கிற்று. பசியைக் குறைக்கும் பென்ப்ளூரமைன் என்னும் மாத்திரை, இதய வால்வுகளைக் கெடுப்பதாகக் கண்டு 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. சிபுட்ரமைன் என்பது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவிப்பதாகக் கண்டு 2010-இல் மேல்நாடுகளிலும், 2011-இல் நம் நாட்டிலும் நிறுத்தப்பட்டது. இன்றைய மருந்துகள் இவற்றினின்றும் வேறானவை. பல்லாயிரம் பேரிடம் ஆராயப்பட்டவை. எனினும் எடை குறைய வேண்டுமென்னும் ஆவல் மட்டும் அன்று போலவே இன்றும் உள்ளது. அவ்வாவலுக்குக் கடிவாளமாக அமைந்ததே மருத்துவர் சீட்டு.

அச்சீட்டுக்கும் நாம் வாழும் இந்நகருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதற்கொண்டு மருந்துக்கு மன்னர்கள் வகுத்த விதிகள் மேல்நாடுகளில் இருந்தன. நம் நாட்டிலோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போலிக் கொயினாவும் தரங்கெட்ட மருந்துகளும் தடையின்றி விற்றன. இந்நிலையை ஆராய 1930-இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் கர்னல் ராம்நாத் சோப்ரா. அந்நாளைய கல்கத்தாவின் வெப்பமண்டல நோய் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பேராசிரியராயிருந்தவர். 1931-இல் அக்குழு அளித்த அறிக்கையின் பயனாக 1940-இல் மருந்துச் சட்டமும், 1945-இல் அதன் விதிகளும் தோன்றின. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளைக் குறிக்கும் "எச்" அட்டவணை அவ்விதிகளின்பாற்பட்டது. மருந்துப் பெட்டியின் இடது மேல் மூலையில் "ஆர்எக்ஸ்" என்னும் குறி காண்கிறோமே, அதன் பொருள் இதுவே. மருந்துகளின் தரத்தை ஆராயும் மைய மருந்துப் பரிசோதனைக் கூடமும் இந்நகரிலேயே இருக்கிறது. ஆகவே சீட்டுக் கேட்கும் கடைக்காரரைத் தொல்லை தருபவராக எண்ணலாகாது. கேளாமல் கொடுப்பவரிடமே ஐயம் கொள்ள வேண்டும்.

இனி, மருந்து எவருக்கு உரியது? எடையைக் கிலோவில் எழுதி, அதனை உயரத்தின் மீட்டர் அளவால் இருமுறை வகுத்தால் வருவது உடல் எடைக் குறியீடு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 77 கிலோ இருந்தால் குறியீடு 30. 70 கிலோ இருந்தால் 27-க்குச் சற்று மேல். பொதுவாக, குறியீடு 30-ஐ எட்டியவர்க்கும், 27-ஐ எட்டி நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்ற நோயொன்றும் உடையவர்க்கும் இம்மருந்துகள் உரியவை. திருமணப் புகைப்படத்துக்காக நாலைந்து கிலோ குறைக்க விரும்புவோர்க்கு இவை ஏற்பட்டவை அல்ல.

சிலர் இவற்றைத் தொடவே கூடாது. தமக்கோ தம் குடும்பத்தார்க்கோ மெடுல்லரி என்னும் வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தவர் அத்தகையோர். தைராய்டுக் குறைவுக்காக அன்றாடம் மாத்திரை உண்போரைப் பற்றியதன்று இத்தடை, இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. கருவுற்ற பெண்களும் இம்மருந்தைக் கொள்ளலாகாது. மகப்பேற்றை நாடுவோர் செமாகுளுடைடை இரண்டு திங்களுக்கு முன்னரே நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பயனைக் குறைக்கக்கூடும் என்பதையும் அறிந்திருத்தல் நலம். கணைய அழற்சியோ பித்தப்பைக் கல்லோ முன்பு கண்டவரும், நீரிழிவால் விழித்திரை பழுதுற்றவரும் அதனை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

இங்குதான் அயல் மாநிலத்தில் வாழும் நமக்கென்று ஒரு தனி இடர் இருக்கிறது. நம் உடலின் வரலாறு இரண்டு ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. பித்தப்பைக் கல்லைக் கண்டவர் மதுரை மருத்துவர். சர்க்கரைக்கு மாத்திரை எழுதியவர் கொல்கத்தா மருத்துவர். ஒருவர் எழுதியதை மற்றவர் கண்டதில்லை. விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு இங்கே ஆறு திங்கள் மருந்து வாங்குவோரும் உண்டு. திருவள்ளுவர் "மருந்து" என்னும் அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறினார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர். புலம்பெயர்ந்த குடும்பங்களில் நான்காம் உறுப்பு பெரும்பாலும் குறைவுபடுகிறது. அக்குறையை ஓரளவு ஈடு செய்வது ஒழுங்கான ஏடு ஒன்றே.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மருத்துவர் வங்காளியிலோ இந்தியிலோ வினவ, நாம் பாதி புரிந்து தலையசைத்துவிடுவது இயல்பு. மருந்து உறையோ ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆதலின் புறப்படுமுன் ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: இதுவரை கண்ட நோய்கள், செய்துகொண்ட அறுவைகள், இப்போது உண்ணும் மாத்திரைகள் அனைத்தின் பெயரும் அளவும், குடும்பத்தார்க்கு வந்த புற்றுநோய்கள், ஒவ்வாத மருந்துகள். திரும்பும்போது மூன்று விடைகளை எழுதி வாங்குங்கள்: எந்நாளில் எவ்வளவு; என்ன நேர்ந்தால் உடனே வர வேண்டும்; அடுத்த பரிசோதனை எப்போது. ஊர் மருத்துவரோ இங்குள்ளவரோ, இம்மருந்துக்குப் பொறுப்பாளர் ஒருவரே இருக்கட்டும்.

அளவைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறுவோம். எடைக் குறைப்புக்கான செமாகுளுடைடு ஊசி வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7, 2.4 என்று ஏறுகிறது. டிர்செபடைடு 2.5 மில்லிகிராமில் தொடங்கி, குறைந்தது நான்கு வாரத்துக்கு ஒரு முறை 2.5 கூடி, 15 வரை ஏறலாம். அனைவரும் உச்சப் படிக்கு ஏற வேண்டுவதில்லை. குடல் பழகுவதற்காகவே இப்படிகள் அமைந்தன. விரைவில் இளைக்க வேண்டுமென்று படி தாண்டுவோர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் வருந்துவர். அன்றியும் செமாகுளுடைடு கடைசி ஊசிக்குப் பின்னும் ஐந்து வாரம் அளவு உடலில் நிற்கும். மிகையாகப் போட்டுக்கொண்டதை உடனே திரும்ப எடுக்க இயலாது.

பேனா வடிவ ஊசியாயின் அளவு அதிலேயே அமைந்திருக்கும். குப்பியிலிருந்து ஊசிக்குழலில் ஏற்றுவதாயின் மிகுந்த கவனம் வேண்டும். நம் நாட்டில் இன்சுலினுக்கென 40 குறியுள்ள குழலும், 100 குறியுள்ள குழலும் விற்கின்றன; ஒரே எண்ணுள்ள கோடு இரண்டிலும் வேறுவேறு அளவைக் காட்டும். மில்லிகிராம் என்பது வேறு, யூனிட் என்பது வேறு. அமெரிக்காவில் இவ்விரண்டையும் மாற்றிக் கருதி, உரிய அளவைப் போல் ஐந்து முதல் இருபது மடங்கு வரை ஏற்றிக்கொண்டோர் மருத்துவமனை சேர்ந்ததாக அந்நாட்டு மருந்து ஆணையம் 2024-இல் எச்சரித்தது. முதல் ஊசியை மருத்துவர் அல்லது செவிலியர் முன்னிலையில் போட்டுப் பழகுதல் நன்று. ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடலாகாது. மறந்த ஊசியை எத்தனை நாளுக்குள் போடலாமென்பது மருந்துக்கு மருந்து வேறுபடும்.

பெயர் மயக்கமும் ஒன்றுண்டு. ஓசெம்பிக், வீகோவி, ரைபெல்சஸ் என்னும் மூன்று வணிகப் பெயர்களின் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே, அது செமாகுளுடைடு. சர்க்கரைக்கென ஒன்றும் எடைக்கென மற்றொன்றும் சேர்த்துக் கொள்வது ஒரே மருந்தை இருமுறை கொள்வதாகும். செமாகுளுடைடின் காப்புரிமை நம் நாட்டில் 2026 மார்ச்சு வரைக்குமே உரியது. அதன்பின் பெயர்கள் பெருக இடமுண்டு. ஆகவே பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள பெயரைவிடச் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படிக்கப் பழகுவோமாக.

தொடக்க வாரங்களில் குமட்டல், மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, ஏப்பம் ஆகியவை பலருக்குத் தோன்றித் தணியும். சிறுகச் சிறுக உண்பதும், வயிறு நிறையுமுன் கையெடுப்பதும், எண்ணெய்ப் பண்டங்களை விலக்குவதும் இவற்றைக் குறைக்கும். ஊசி போட்ட மறுநாள் லுச்சியும் தேலேபாஜாவும் உண்டால் இரைப்பை பொறுக்காது. துர்க்கா பூஜை நாட்களில் இதனை நினைவில் வைக்க வேண்டும். கொல்கத்தாவின் கோடையில் வியர்வையாலேயே நீர் வற்றுகிறது; அதனோடு வாந்தியும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். தாகம் தோன்றாவிடினும் இடையிடையே நீர் பருக வேண்டும்.

ஆனால் சில குறிகள் காத்திருக்கத்தக்கவை அல்ல. மேல் வயிற்றில் கடுமையான வலி எழுந்து முதுகுக்குப் பரவுதல். காய்ச்சலோடு வலப்பக்க வலியும் கண் மஞ்சளும். நீரும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல். திடீரென்று பார்வை மங்குதல். முகம் வீங்கி மூச்சுத் திணறல். இவற்றில் எதுவாயினும் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கழுத்தில் கட்டியோ குரலில் மாற்றமோ கண்டால் காலந்தாழ்த்தாமல் காட்ட வேண்டும்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ கொள்ளும் நீரிழிவினர்க்கு இன்னொரு கவலையும் உண்டு. உணவு குறையும்போது பழைய மாத்திரையின் அளவு மிகையாகிவிடும். சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் நேரும். ஏகாதசி, சஷ்டி என்று பட்டினி இருப்போர் அவ்வழக்கத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறி, அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கப்படுவதாயின், இவ்வூசியைப் பற்றி முன்கூட்டியே தெரிவிப்பதும் கட்டாயம். இரைப்பையில் உணவு தங்கியிருப்பின் அது மூச்சுக்குழலில் புகும் ஆபத்து உண்டு.

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் குறைவதில்லை; தசையும் கரைகிறது. பசி அடங்கியதே என்று ஒரு வேளை காப்பியோடும் மறுவேளை இரசஞ்சோற்றோடும் நிறுத்துவோர் வலிமை இழப்பர். உண்பது சிறிதாயினும் அதில் புரதம் இருக்க வேண்டும். இந்நகரில் அதற்குப் பஞ்சமில்லை: பாசிப்பருப்பு, தயிர், முட்டை, மீன், சானா என்னும் பாற்கட்டி, கடலைச் சத்துமாவு. அன்றாட நடையோடு, தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் பலமுறை எழுவதும் பயிற்சியே.

வாங்குவதையும் காப்பதையும் பற்றிச் சில சொற்கள். 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனம், போலிச் செமாகுளுடைடு பேனாக்கள் பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் அகப்பட்டதாக அறிவித்தது. மதிப்பு மிகுந்த பொருளுக்குப் போலி தோன்றுவது உலக வழக்கு. நண்பர் வழியாகவும், கைப்பேசிச் செய்தி வழியாகவும், அழகு நிலையத்திலும் மருந்து வாங்கலாகாது. உரிமம் பெற்ற கடையில், சீட்டைக் காட்டி, தொகுதி எண் குறித்த இரசீதோடு வாங்குக. முத்திரை உடையாதிருத்தலையும், காலாவதி நாளையும், மருந்து தெளிவாயிருத்தலையும் காண்க. ஒரு பேனாவைக் கணவனும் மனைவியும் பங்கிட்டுக்கொள்வது சிக்கனமன்று. ஊசிமுனையை மாற்றினாலும் இரத்தவழி நோய் தொற்றலாம். பயன்படுத்திய முனைகளைக் குப்பையில் எறியாமல், கெட்டியான மூடியுள்ள கலத்தில் சேர்க்க வேண்டும்.

திறவாத மருந்து 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் இருத்தல் வேண்டும். பனிக்கட்டி உறையும் அறையில் வைக்கலாகாது. உறைந்துபோன மருந்து, உருகினாலும் பயனற்றது. ஹவுராவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். இரயிலில் ஒரு பகலும் ஓர் இரவுமாகும். கோடை விடுமுறைப் பயணத்தில் மருந்தைப் பெட்டிக்குள் திணித்து இருக்கைக்கு அடியில் தள்ளுதல் தகாது. குளிர்காக்கும் பையில், பனிக்கட்டி நேரே தொடாதவாறு துணி சுற்றி, கையோடு வைத்துக்கொள்க. சில வகைகளைச் சில நாட்கள் 30 டிகிரிக்கு மேற்படாத வெப்பத்தில் வைத்திருக்கலாம். நாட்கணக்கை உறையிலுள்ள தாளிலிருந்து கேட்டறிக. பயணத்தில் சீட்டின் நகலும் உடனிருக்கட்டும்.

இறுதியாக, நிறுத்துவதைப் பற்றி. செமாகுளுடைடு ஆய்வில், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டது. இது அவர்களுடைய மன உறுதியின் குறையன்று. பருமன் என்பது நாட்பட்ட நோய் என்பதன் அடையாளம். ஆகவே தொடங்குமுன்னரே காலத்தையும் செலவையும் கணக்கிட வேண்டும். 2025 மார்ச்சில் டிர்செபடைடு அறிமுகமானபோது, மிகக் குறைந்த அளவுள்ள ஒரு குப்பி 3,500 ரூபாய். திங்களுக்கு நான்கு குப்பிகள், அதாவது 14,000 ரூபாய். விலை நாளடைவில் மாறுவது இயல்பே. எனினும் பணம் போதாமல் இரண்டு திங்கள் விட்டு, மீண்டும் பழைய உயர் அளவிலேயே தொடங்குவது தீங்கு பயக்கும். நிறுத்துவதும் மீளத் தொடங்குவதும் மருத்துவரின் சொற்படியே நடக்க வேண்டும்.

நேயர்களே, பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு உடலே முதல். அதன் பாரத்தைக் குறைக்க ஒரு நல்ல மருந்து கிட்டியிருப்பது மகிழத்தக்கதே. ஒரு மருத்துவர், ஒரு சீட்டு, ஒரு கடை, ஓர் ஏடு என்னும் நான்கையும் விடாது பற்றினால் அம்மருந்து நமக்குத் துணையாகும். அவற்றைக் கைவிட்டால், பெட்டியின் மேலுள்ள பெயர் எதுவாயினும், நாம் வாங்குவது இடரையே. இவ்வாரம் உங்கள் வீட்டில் எவரேனும் இம்மருந்தைப் பற்றிப் பேசினால், விலையைக் கேட்குமுன், "உங்கள் மருத்துவர் யார்?" என்று கேளுங்கள்.